ஸ்காலர்களுக்குப் பேப்பர் எழுதி அனுப்பக் கற்றுத்தர ஒரு செமஸ்டர் திட்டம்: ஆலோசனை தேவை

தாவரவியல்_துறை

வணக்கம். எங்கள் துறையில் முழுநேர பிஎச்.டி. ஸ்காலர்கள் 11 பேர், இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை. ஆராய்ச்சி, வெளியீட்டு நெறிமுறைப் பாடத்தை (2 கிரெடிட், 30 மணி நேரம்) எல்லோரும் கோர்ஸ்வொர்க்கிலேயே முடித்துவிட்டார்கள். எது எழுத்துத் திருட்டு, எது போலி ஜர்னல் என்று கேட்டால் பதில் சொல்வார்கள். கையில் இருக்கும் தரவை ஒரு பேப்பராக்கி அனுப்பச் சொன்னால் அங்கேயே நிற்கிறது.

வாரம் 2 மணி நேரம், 14 வாரம் ஒதுக்க முடியும். வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஒருநாள் பயிலரங்கு நடத்துவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்? "2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் பேப்பர் கட்டாயம் இல்லையே, எதற்கு இந்தப் பாடு?" என்று சில கைடுகள் கேட்கிறார்கள். அதற்கும் பதில் வேண்டும்.

---

இணைப்பதிப்பாளர்

மேடம், ஒருநாள் பயிலரங்கில் யாரும் எழுதுவதில்லை. கேட்டுவிட்டுச் சான்றிதழோடு போய்விடுவார்கள். 14 வாரம் கிடைப்பது பெரிய விஷயம், அதற்கு ஒரே நிபந்தனை வையுங்கள்: வருகிறவர் தன் தரவிலிருந்து ஒரு பேப்பரோடு வர வேண்டும், 14ஆம் வாரம் அது சப்மிட் ஆகியிருக்க வேண்டும். தரவு முடியாதவர்கள் அடுத்த செமஸ்டரில் சேரட்டும். இப்போதே சேர்த்தால் அவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், மற்றவர்களின் வேகமும் குறையும்.

முதல் இரண்டு வாரம் யாரும் எழுத வேண்டாம். ஆளுக்கொரு இதழைத் தேர்ந்து, கடைசி 2 ஆண்டில் அதில் வந்த, தன் தலைப்புக்கு நெருக்கமான 10 கட்டுரைகளை இறக்கி எண்ணட்டும். முன்னுரை எத்தனை பத்தி? மொத்தம் எத்தனை சொல்? படம் எத்தனை, அட்டவணை எத்தனை? மேற்கோள்களில் கடைசி 5 ஆண்டுக்குள் வந்தவை எத்தனை? மாதிரி எண்ணிக்கைக்கு என்ன காரணம் சொல்கிறார்கள்? பத்துக் கட்டுரையையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதினால், அந்த இதழ் எதை எதிர்பார்க்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தீசிஸ் அத்தியாயத்தை அப்படியே வெட்டி அனுப்புவதுதான் ஸ்காலர்கள் அதிகம் செய்யும் தவறு. தீசிஸில் முந்தைய ஆய்வுகள் 40 பக்கம் ஓடும். பேப்பரில் அதற்கு நாலைந்து பத்திதான் இடம். இந்தக் கட்டத்தை ஒருமுறை போட்டவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார்.

மூன்றாம் வாரம் ஒற்றை வாக்கியம். இந்தப் பேப்பர் எதைக் காட்டுகிறது என்பதை 25 சொல்லுக்குள் எழுதச் சொல்லுங்கள். கற்பனையாக ஒரு உதாரணம்:

"மூன்று கழிமுகங்களில் அலையாத்தி நாற்றுகளின் வளர்ச்சி ஆய்வு செய்யப்பட்டது."

இது செய்த வேலையைச் சொல்கிறது, கண்டதைச் சொல்லவில்லை. திருப்பிக் கொடுங்கள். அடுத்த வாரம் இப்படி வரும்:

"உப்பு கூடும்போது நாற்றின் வேர் குறையும் முன்பே இலைப்பரப்பு குறைகிறது, ஆகவே நாற்றங்காலில் முதலில் இலையைத்தான் கண்காணிக்க வேண்டும்."

இதற்கு மேல் பேப்பர் கட்டலாம். "ஆய்வு செய்யப்பட்டது", "அலசப்பட்டது" என்று முடிகிற எந்த வாக்கியத்தையும் ஏற்காதீர்கள். சிலருக்கு இந்த ஒரு வாக்கியத்துக்கே மூன்று வாரம் ஆகும். அவசரப்படுத்த வேண்டாம், இங்கே செலவழிக்கும் நேரம் வீணாகாது.

பிறகு எழுதும் வரிசை. முதலில் படங்களும் அட்டவணைகளும், அடுத்து முறையியல், முடிவுகள், விவாதம், அதன் பிறகே முன்னுரை. சுருக்கமும் தலைப்பும் கடைசி. முன்னுரையை முதலில் எழுதினால், முடிவு என்னவென்று உறுதியாகும் முன்பே வாக்குறுதி கொடுத்ததாகிவிடும். பின்னால் முடிவு வேறாக அமையும், முன்னுரை பழையபடியே நிற்கும். இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் விமர்சகர் முதலில் பிடிப்பது அந்த முரணைத்தான்.

ஐந்தாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை குழு வாசிப்பு. 11 பேரை 4, 4, 3 என்று பிரியுங்கள். ஒவ்வொருவரும் சுமார் 1,000 சொல்லை இரண்டு நாள் முன்பே குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்கு 30 நிமிடம். முதல் 15 நிமிடம் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. படித்தவர்கள் மூன்றே கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: எந்த இடத்தில் நின்று திரும்பப் படித்தேன், எதை நம்ப முடியவில்லை, இதன் மையம் என்று எனக்குப் பட்டது எது. இலக்கணப் பிழையைத் தாளில் குறித்துக் கொடுக்கட்டும், அதைப் பற்றிப் பேச வேண்டாம். பேச ஆரம்பித்தால் 30 நிமிடமும் அதிலேயே போகும்.

கைடுகளின் கேள்விக்கு வருகிறேன். 2016 விதியில் தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் ஒரு பேப்பரும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் கட்டாயமாக இருந்தன. 2022 நவம்பரில் வந்த விதி அதை எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் இன்னும் கேட்கலாம். ஸ்காலர் பதிவு செய்த ஆண்டில் எந்த விதி இருந்தது என்று பாருங்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கும் போஸ்ட்டாக்குக்கும் பேப்பர் கேட்பது நிற்கவில்லை. என் பார்வையில் கட்டாயம் போனது நல்லதுதான். எண்ணிக்கைக்காக எதையாவது எங்காவது போடும் அவசரம் இல்லாததால், இப்போது நிதானமாகக் கற்றுத்தர முடியும்.

---

நூலக_மேசை

இதழ் தேர்வு பற்றி. "கேர் லிஸ்டில் (யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் பட்டியல்) இருக்கிறதா?" என்று இன்னும் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டதாக யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. இப்போது இருப்பவை பரிந்துரை அளவுகோல்கள். இதழைத் தேர்ந்தெடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு, ஸ்காலரின் பொறுப்பு. பழைய பட்டியலை மட்டும் நம்பியிருந்ததில் ஆபத்தும் இருந்தது: 2018 மே மாதம் அன்றைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே அறிவிப்பில் 4,305 இதழ்களை நீக்கினார்கள். பெயர் தேடுவதைவிடச் சோதிக்கும் பழக்கம் வர வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் இதைச் செய்து காட்டலாம். ஸ்காலர்களுக்கு வரும் மின்னஞ்சல் ஒன்றைத் திரையில் போடுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மாண்புமிகு ஆராய்ச்சியாளரே, தங்கள் மதிப்புமிக்க கட்டுரையை எங்கள் பன்னாட்டுப் பல்துறை இதழுக்கு அழைக்கிறோம். 48 மணி நேரத்தில் ஏற்பு. தாக்கக் காரணி 7.2. கட்டணம் 1,500 ரூபாய் மட்டும்." வரிக்கு வரி நிறுத்துங்கள். உங்கள் எந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அழைக்கிறார்கள் என்ற குறிப்பே இல்லை. 48 மணி நேரத்தில் இரண்டு நிபுணர்கள் படித்துக் கருத்து எழுதி முடிப்பது நடக்காது. தாக்கக் காரணியை (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்ற எண்) யார் கணக்கிட்டார்கள்? கிளாரிவேட் வெளியிடும் அறிக்கையில் அந்த இதழ் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பதும் தரச்சான்று ஆகாது. அது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி, அடையாளம் மட்டும்தான்.

அடுத்து ஸ்கோபஸ் (ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் தரவுத்தளம்) மூலப் பட்டியலில் தேடுங்கள். இதழ் இருக்கிறது என்பதோடு நிற்காமல், எந்த ஆண்டு வரை சேர்க்கிறார்கள் என்ற நெடுவரிசையையும் பாருங்கள். சேர்ப்பது நின்றுபோன இதழ்கள் "ஸ்கோபஸ் இதழ்" என்றே விளம்பரம் செய்துகொண்டிருக்கும். திறந்த அணுக்க இதழ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால், அத்தகைய இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிட நுட்பமானது கடத்தப்பட்ட இதழ். பெயர், ஐ.எஸ்.எஸ்.என். எல்லாம் உண்மையான இதழுடையது, இணையதளம் மட்டும் போலி. இப்படிப்பட்ட தளங்களின் கட்டுரைகள் ஸ்கோபஸுக்குள்ளேயே புகுந்திருக்கின்றன. எனவே கூகுளில் முதலில் வரும் இணைப்பைச் சொடுக்காதீர்கள். இதழின் பழைய கட்டுரை ஒன்றின் டி.ஓ.ஐ. எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்) வழியாகப் போங்கள். அது எந்தத் தளத்தில் கொண்டுபோய் விடுகிறதோ அதுதான் உண்மையான தளம். ரிட்ராக்‌ஷன் வாட்ச் (திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளம்) கடத்தல் இதழ்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள்.

பெரிய பதிப்பகம் என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். வைலி வாங்கிய ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். பெரும்பகுதி சிறப்பிதழ்களில் வந்தவை. சிறப்பிதழுக்கு அழைப்பு வந்தால், விருந்தினர் பதிப்பாசிரியர் யார், அவர் துறை என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டணம் பற்றி ஒன்று. எல்சவியர், ஸ்பிரிங்கர், டெய்லர் போன்றவர்களின் பெரும்பாலான கலப்பு இதழ்களில் (சந்தா, திறந்த அணுக்கம் இரண்டு வழியும் உள்ளவை) சந்தா வழியில் வெளியிட ஒரு பைசா கட்ட வேண்டாம். ஏற்பு வந்த பிறகு வரும் உரிமைப் படிவத்தில் "திறந்த அணுக்கம்" என்பதை ஸ்காலர் தெரியாமல் டிக் செய்துவிடுகிறார், பல ஆயிரம் டாலருக்கு ரசீது வருகிறது. அந்தப் பக்கத்தைக் கைடு பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வேண்டும்.

உங்களுடையது அரசு நிறுவனம் என்றால் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 2025 ஜனவரி முதல் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். மேலே சொன்ன 10 கட்டுரைப் பயிற்சிக்கு அதுவே போதும்.

---

நான்காம்_ஆண்டு

ஐயா, மேடம், ஒரு சந்தேகம். ஒப்புமை (ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்கிறார்கள். முறையியல் பகுதியிலேயே 14 சதவீதம் காட்டுகிறது. சொற்களை மாற்றித் தரும் மென்பொருளில் போட்டுக் குறைக்கலாமா?

---

இணைப்பதிப்பாளர்

வேண்டாம் தம்பி. அந்த மென்பொருள் கலைச்சொல்லையும் சேர்த்து மாற்றிவிடும். செயற்கை நுண்ணறிவு "போலி உணர்வு" ஆகும். மார்பகப் புற்றுநோய் "மார்பு ஆபத்து" ஆகும். ஆங்கிலத்தில் இப்படிச் சிதைந்த சொற்களைத் தேடிப் பிடிக்கவே ஆய்வாளர்கள் நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் அகப்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்படுகின்றன.

முதலில் எழுத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதியைச் சரியாகப் படியுங்கள். தீசிஸில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய சான்றோடு தந்த மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, பொதுக் கலைச்சொற்கள், நிலையான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களுக்கு 14 சொல் வரை விலக்கு உண்டு. இந்த விலக்குகளை மென்பொருளில் அமைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இதழ்களுக்குப் பொதுவாக இப்படி நிலையான சதவீத எல்லை கிடையாது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பதிப்பாசிரியர் திறந்து பார்ப்பார். முறையியலில் "இன்னார் முறைப்படி, இந்த மாற்றங்களோடு" என்று சான்று கொடுத்துவிட்டு மாற்றத்தை மட்டும் விவரித்தால் ஒப்புமை தானாகக் குறையும்.

---

புள்ளியியல்_உதவி

தாவரவியல் துறை என்பதால் அடிக்கடி திரும்பி வரும் பிழையைச் சொல்கிறேன். 3 தொட்டி, தொட்டிக்கு 10 நாற்று. ஸ்காலர் மாதிரி எண்ணிக்கை 30 என்று எழுதுகிறார். உப்புநீரை ஊற்றியது தொட்டிக்கு, நாற்றுக்கு அல்ல. ஆகவே எண்ணிக்கை 3. 30 என்று போட்டால் சிறு வேறுபாடும் பெரிய முக்கியத்துவம் உள்ளதாகத் தெரியும். விவரமான விமர்சகர் இந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்புவார், எழுதிய பிறகு இதைச் சரிசெய்யவும் முடியாது. அதனால் மூன்றாம் வாரத்தில் ஒற்றை வாக்கியத்தோடு சோதனை அமைப்பையும் ஒரு கோட்டுப்படமாக வரையச் சொல்லுங்கள். எதற்குச் சிகிச்சை கொடுத்தோம், எதை அளந்தோம் என்று இரண்டு அம்புக்குறி போட்டாலே தெரிந்துவிடும்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் p மதிப்பாகக் காட்டும் "0.000" என்பதை அப்படியே எழுதக் கூடாது, 0.001க்கும் குறைவு என்று எழுத வேண்டும். பட்டை வரைபடத்தில் இருக்கும் கோடு திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்று படக்குறிப்பில் சொல்ல வேண்டும். எக்செல் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள்: ஒளிப்படத்துக்குப் பெரும்பாலான இதழ்கள் 300 டி.பி.ஐ. கேட்கின்றன, கோட்டு வரைபடத்துக்குப் பி.டி.எஃப். அல்லது இ.பி.எஸ். கோப்பே நல்லது.

---

சமூகவியல்_கைடு

இன்னொன்று விட்டுப்போகிறது. பின்னால் போய் வாங்க முடியாதவை சில உண்டு. மருத்துவத் தாவரங்கள் பற்றி ஊர் மக்களிடம் பேட்டி எடுத்திருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணை இதழ் கேட்கும். களப்பணி முடிந்த பிறகு எந்தக் குழுவும் முன்தேதியிட்டுத் தராது. மக்கள் சொன்ன அறிவை வெளியிடுகிறோம். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்குவது வெறும் படிவ வேலை இல்லை. தாவர மாதிரியைப் பதிவுபெற்ற ஹெர்பேரியத்தில் (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகம்) வைத்து அதன் எண்ணைக் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் ஹெர்பேரியம் இருக்கிறது. டி.என்.ஏ. வரிசை இருந்தால் சப்மிட் செய்யும் முன்பே ஜென்பேங்க் (மரபணு வரிசைகளின் பொதுத் தரவுத்தளம்) எண் வேண்டும். இவற்றை முதலாம் ஆண்டு ஆலோசனைக் குழுக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆசிரியர் வரிசையையும் முதல் வாரமே எழுதி வையுங்கள். நான்கு நிபந்தனைகளும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர் என்கிறது மருத்துவ இதழாசிரியர் குழு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் அல்லது திருத்தத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பு. கருவி கொடுத்தவருக்கும் துறைத் தலைவருக்கும் நன்றியுரையில் இடம் உண்டு. ஸ்காலரால் இதைத் தானாகப் பேச முடியாது, கைடுதான் எடுத்துப் பேச வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது என்று வெளியீட்டு நெறிமுறைக்கான காப் (COPE) அமைப்பு 2023இலேயே சொல்லிவிட்டது. பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று குறிப்பிட வேண்டும். அது தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாக டி.ஓ.ஐ. போட்டுச் சரிபாருங்கள், இல்லாத கட்டுரைகளும் வரும்.

முதல் பேப்பராக ஒரு மீளாய்வுக் கட்டுரையை எழுத வைத்தால் என்ன? எப்படியும் படிக்கத்தானே வேண்டும்.

---

இணைப்பதிப்பாளர்

அதில் உடன்பாடு இல்லை சார். நல்ல மீளாய்வு எழுத ஒரு துறையின் கருத்து வேறுபாடுகளை எடைபோடத் தெரிய வேண்டும். முதலாம் ஆண்டில் எழுதினால் "இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்ற பட்டியலாகத்தான் வரும். தெளிவான கேள்வியோடு சிறிய அசல் ஆய்வு ஒன்றே முதல் பேப்பருக்கு ஏற்றது. முறைப்படி தேடல் விதிகளை வகுத்துச் செய்யும் மீளாய்வு என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கு இரண்டு பேராவது தனித்தனியாகத் தேர்வு செய்ய வேண்டும்.

11ஆம் வாரத்தை மாதிரி விமர்சனத்துக்கு வையுங்கள். ஒருவர் பேப்பரை இன்னொரு குழுவைச் சேர்ந்தவர் முழுதாகப் படித்து ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் மூன்று வரி, கட்டுரை என்ன சொல்கிறது. பிறகு பெரிய குறைகள். கடைசியில் சின்னத் திருத்தங்கள். 12ஆம் வாரம் அதற்குப் பதில் கடிதம். ஸ்காலர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். விமர்சகர் சொன்னதைக் கோபத்தோடு மறுப்பார்கள், அல்லது பயந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கட்டுரையைக் கெடுத்துவிடுவார்கள். ஒரு வரிசையை மட்டும் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

"கருத்து 3: மண்ணின் ஈரப்பதம் அளக்கப்படவில்லை, உப்பின் விளைவு என்று எப்படிச் சொல்ல முடியும்?
பதில்: சுட்டியதற்கு நன்றி. ஈரப்பதத்தைத் தனியாக அளக்கவில்லை. எல்லாத் தொட்டிகளுக்கும் தினமும் ஒரே அளவு நீர் ஊற்றியதை முறையியலில் சேர்த்துள்ளோம் (பக்கம் 6, வரி 118–121). இந்தக் குறையை விவாதத்தின் கடைசிப் பத்தியிலும் குறிப்பிட்டு, முடிவுரையில் 'காரணம்' என்ற சொல்லைத் 'தொடர்பு' என்று மாற்றியுள்ளோம் (பக்கம் 14, வரி 302)."

விமர்சகர் சொன்னதை முழுதாக எடுத்துப் போட வேண்டும், பதில் நேராக இருக்க வேண்டும், பக்கமும் வரியும் வேண்டும். விமர்சகர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் "எங்கள் எழுத்து தெளிவாக இல்லை" என்று எடுத்துக்கொண்டு அந்த வரியைத் திருத்துங்கள். அவருக்குப் புரியாதது வாசகருக்கும் புரியாது. ஏற்க முடியாததை மறுக்கலாம், காரணமும் சான்றும் வேண்டும்.

கடைசி இரண்டு வாரம் சப்மிஷன். கடிதம் ஒரு பக்கத்துக்குள்: என்ன கண்டோம், இந்த இதழின் வாசகருக்கு ஏன் தேவை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பினால் இரண்டிலும் கதவு அடைபடும். ரிஜெக்ட் ஆனால் அடுத்த இதழ் எது என்பதையும் அன்றே எழுதி வையுங்கள். அப்படி இருந்தால் மறுப்பு வந்த வாரத்திலேயே திருத்தி அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் ஆறு மாதம் அது மேசையிலேயே கிடக்கும்.

---

தாவரவியல்_துறை

எல்லோருக்கும் நன்றி. தொட்டிக் கணக்கைப் பார்த்ததும் இரண்டு பேரின் தரவை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சப்மிஷன் தளத்தில் பெயர் நிரப்பும்போது இனிஷியலை என்ன செய்வது? எங்கள் ஸ்காலர்கள் ஆளுக்கொரு விதமாகப் போடுகிறார்கள்.

---

நூலக_மேசை

நல்ல வேளை கேட்டீர்கள், இது நம் ஊருக்கே உரிய சிக்கல். அப்பா பெயர் குமார், தன் பெயர் செல்வி, எழுதுவது "கு. செல்வி" என்று வைத்துக்கொள்வோம். தளம் கடைசிப் பெயர் கேட்கிறது. ஒரு பேப்பரில் "கு" என்று ஒற்றை எழுத்தைப் போடுகிறார், இன்னொன்றில் "செல்வி", மூன்றாவதில் "குமார்". ஸ்கோபஸில் மூன்று வேறு ஆட்கள் உருவாகிவிடுவார்கள், மேற்கோள் எண்ணிக்கையும் மூன்றாகச் சிதறும். ஒற்றை எழுத்தைக் கடைசிப் பெயராகப் போட்டால் மேற்கோளில் ஆளே அடையாளம் தெரியாது.

முதல் பேப்பருக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். முதல் பெயர் செல்வி, கடைசிப் பெயர் குமார் என்று இனிஷியலை விரித்து எழுதலாம். தன் பெயரே மேற்கோளில் முன்னால் வர வேண்டும் என்று விரும்பினால் முதல் பெயர் குமார், கடைசிப் பெயர் செல்வி என்று போடலாம். எது வேண்டுமானாலும் சரி, வாழ்நாள் முழுக்க அது ஒன்றே. திருமணத்துக்குப் பிறகும் மாற்ற வேண்டியதில்லை. அன்றே ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) எடுத்து, மற்ற வடிவங்களை "வேறு பெயர்கள்" பகுதியில் சேர்த்துவிடுங்கள். ஆர்கிட் கணக்கில் கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டும், படிப்பு முடிந்ததும் கல்லூரி முகவரி நின்றுவிடும்.

ஏற்கெனவே சிதறியவர்களுக்கு ஸ்கோபஸின் ஆசிரியர் திருத்தப் பக்கம் இருக்கிறது, இலவசம். தன் பெயரின் எல்லா வடிவங்களையும் தேடி, தன்னுடைய பக்கங்களைத் தேர்ந்து, ஒன்றாக இணைக்கக் கோரலாம். கோருவதற்கு முன் ஒவ்வொரு கட்டுரையும் தன்னுடையதுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதே இனிஷியலும் அதே பெயரும் உள்ள வேறொருவருடையதும் கலந்திருக்கும்.